வியன்னாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
மாலரின் ஒன்பதாம் சிம்பொனி: பழைய தட்டும் புதிய தட்டும்

மேனாட்டுப் பல்லிய இசையில் ஈடுபாடுடைய அன்பர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படைப்புக்கு எத்தனை ஒலிப்பதிவுகள் வெளிவந்திருப்பினும், அவற்றுள் மிகப் பழையதும் மிகத் துயரமான வரலாறு உடையதுமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பீடத்தில் ஏற்றிவிடுவர். பின்னர் வருவனவெல்லாம் அதன் முன்னே தலைகுனிந்து நிற்க வேண்டியவையே. குஸ்தாவ் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியைப் பொறுத்தவரை அப்பீடம் 1938 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வியன்னா பில்ஹார்மொனிக் குழுவினர் புரூணோ வால்ற்றரின் நெறியாள்கையில் வாசித்த கச்சேரியின் பதிவுக்கு உரியதாயிற்று. அன்றிலிருந்து ஐம்பத்தைந்தாம் நாள் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன.

அண்மையில் இப்பழம் பதிவையும், சைமன் றாட்டில் 2021 ஆம் ஆண்டு நவம்பரில் மியூனிக் நகரில் பவேரிய வானொலிக் குழுவினரைக் கொண்டு வாசிப்பித்த புதிய பதிவையும் ஒருசேர வைத்துப் பன்முறை கேட்டேன். இரண்டுக்கும் இடையே வால்ற்றரே 1961 இல் அமெரிக்காவிற் செய்த மற்றொரு பதிவும் இருக்கின்றது. இவற்றைக் கேட்குந்தோறும் என் மனத்தில் எழுந்த வினா ஒன்றே: பழைய பதிவில் நாம் கேட்பது எவ்வளவு, நாமாகப் பெய்து கொள்வது எவ்வளவு?

முதலிற் படைப்பைப் பற்றிச் சிறிது. மாலர் இதனை 1909 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டு முடித்தார். அதற்கு இரண்டாண்டுகளின் முன்னர், 1907 இல், மூத்த மகளை இழந்திருந்தார். அதே ஆண்டில் அவரது இதயத்திற் பழுதுண்டென்று வைத்தியர்கள் கூறியிருந்தனர். 1911 மே மாதம் 18 ஆம் திகதி இறக்கும்வரை, தாம் எழுதிய இச்சிம்பொனியை ஒரு தடவையேனும் அவர் கேட்டாரில்லை. மறு ஆண்டு ஜூன் மாதம் வியன்னாவில் இதனை முதன்முதல் அரங்கேற்றியவர் அவரின் உதவியாளராயிருந்த வால்ற்றர். அவ்வரங்கேற்றத்தில் வாசித்ததும் இதே வியன்னாக் குழுவே.

நான்கு பகுதிகள். முதலாவது, நிதானமான நடையில் விரிந்து, மூன்று முறை இடிந்து விழுந்து, மீண்டும் எழுவது. இரண்டாவது, லெண்ட்லர் என்னும் நாட்டுப்புற நடனத்தைப் பகடி செய்வது. மூன்றாவது, கோபமும் எள்ளலும் நிறைந்த அவசர ஓட்டம். நான்காவது, ஏறக்குறைய தந்தி வாத்தியங்களின் வழிபாடு என்றே சொல்லத்தக்கது. கடைசிப் பக்கத்தில் ஒலி சிறிது சிறிதாகத் தேய்ந்து, ‘மடிந்து போவது போல’ என்ற குறிப்புடன் அவிந்துவிடுகின்றது. டீ மேஜரில் தொடங்கிய படைப்பு அதற்கு அரைச்சுரம் கீழே இறங்கி முடிகின்றது. இவ்விறக்கத்தைக் கேட்போர் பெரும்பாலும் அறியார். ஆயினும் தொடங்கிய இடத்துக்கு மீளவில்லை என்ற உணர்வு உள்ளத்தில் தங்கிவிடுகின்றது.

இனி, 1938 இன் பதிவு உருவான விதம். பிரட் கைஸ்பேர்க் என்பவர் கிராமபோன் உலகின் முன்னோடிகளில் ஒருவர். 1902 இல் மிலான் நகரில் கறூசோவின் குரலைப் பதிந்தவர். அதே ஆண்டிற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைத் தட்டில் ஏற்றியவரும் அவரே. அக்காலத்தில் ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். எழுபது நிமிடம் இடையறாது நிகழும் கச்சேரியைப் பதிவதாயின், ஒரு மெழுகுத் தட்டு முடியுமுன்னர் அடுத்ததைச் சுழலவிட்டு, இரண்டு இயந்திரங்களை மாறி மாறி இயக்க வேண்டும். மெழுகில் விழுந்த பிழையை அழித்தெழுத வழியில்லை. இவ்வாறு பத்துத் தட்டுகளில், இருபது பக்கங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் எழுபது நிமிடங்கள் அடைபட்டன. சபையோரின் இருமலும் உடன் அடைபட்டது.

பழைய தட்டுகளின் வேகத்தைப் பற்றி ஒரு பொதுக் கூற்று உண்டு. பக்கத்துக்குள் அடக்க வேண்டுமென்பதற்காகவே அக்காலத்தவர் விரைந்து வாசித்தனர் என்பர். கலையகத்திற் செய்த பதிவுகள் சிலவற்றுக்கு இது பொருந்தலாம். இங்கே பொருந்தாது. வாசித்தவர்கள் தட்டுக்காக வாசிக்கவில்லை. மண்டபம் நிறைந்திருந்த மக்களுக்காக வாசித்தார்கள். எனவே இப்பதிவின் வேகம் வால்ற்றரின் வேகம்.

அவ்வேகமோ இக்காலச் செவிகளை அதிரவைப்பது. இறுதிப் பகுதி ஏறக்குறைய பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. லெனார்ட் பேர்ன்ஸ்ரைன் 1985 இல் ஆம்ஸ்ரர்டாம் குழுவினருடன் அதே பகுதிக்கு எடுத்துக்கொண்டது ஏறக்குறைய முப்பது நிமிடம். ஒரே பிரதி, ஒரே சுரங்கள். நேரமோ ஒன்றரை மடங்குக்கு மேல்.

வியன்னாப் பதிவைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விரைவுக்குக் காரணம் காட்டுவது அச்சத்தை. நாட்டின் எல்லையிற் பகைவன் நிற்கின்றான்; மேடையில் நிற்பவர் 1933 இல் ஜேர்மனியிலிருந்து துரத்தப்பட்ட யூதர்; வாசிக்கப்படுவது யூதர் ஒருவரின் இசை; குழுவிலும் யூதக் கலைஞர் பலர். இசையில் நடுக்கம் இராமலிருக்குமா என்று கேட்பர். கேட்பதற்கு உருக்கமான நியாயந்தான். எனினும் இதனை நான் ஏற்கத் தயங்குகின்றேன்.

அதே வாரத்தில், அதே மண்டபத்தில், அதே குழுவினரைக் கொண்டு வால்ற்றர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து மெதுநடைப் பகுதி ஒன்றைத் தட்டில் ஏற்றினார். இன்றைய நெறியாளர்கள் பத்து நிமிடமும் அதற்கு மேலும் இழுத்து வாசிக்கும் அப்பகுதி, அங்கே எட்டு நிமிடத்துக்குள் முடிகின்றது. அதிலே அச்சத்தைக் கண்டவர் எவரும் இல்லர். காதற் கடிதம் போல இனிமையாக இருக்கின்றதென்றே கூறுவர். ஒரே வாரத்து விரைவு ஒரு தட்டில் அச்சமும் மறு தட்டிற் காதலும் ஆவது எங்ஙனம்? மாலரை உடனிருந்து பழகியவரின் அக்கால நடையே அது என்று கொள்வதுதான் நேரிது. மார்ச் மாதத்தில் நிகழ்ந்ததை அறிந்த நாம் அதனை ஜனவரி மாதத்துக்குள் கொண்டுபோய் வைக்கின்றோம்.

இப்படிச் சொல்வதனால் வரலாற்றைத் தள்ளிவிட்டதாக எவரும் கருத வேண்டாம். அவ்வரலாறு எவ்வளவு கொடியது என்பதை நான் மறந்தேனில்லை. முதல் வயலின் ஆசனத்தில் அன்றிருந்தவர் ஆர்ணல்ட் றோஸே. 1881 முதல் அவ்வாசனத்துக்கு உரியவர். மாலரின் தங்கையை மணந்தவர். அன்றைக்கு அவருக்கு வயது எழுபத்து நான்கு. சில வாரங்களின் பின், ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் வாசித்த குழுவில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. லண்டனில் அகதியாக வாழ்ந்து 1946 இல் மறைந்தார். அவர் மகள் அல்மா றோஸே, தாமும் வயலின் கலைஞர், அவுஷ்விற்ஸ் முகாமிற் கைதிப் பெண்களின் வாத்தியக்குழுவை நடத்தும் நிலைக்கு ஆளாகி, 1944 இல் அங்கேயே இறந்தார். வியன்னாக் குழுவைச் சேர்ந்தவர்களுள் ஐவர் முகாம்களில் மாண்டனர். இருவர் கொடுமைகளின் விளைவாக வியன்னாவிலேயே உயிரிழந்தனர். இவ்விவரங்களை வரலாற்றாசிரியர்களைக் கொண்டு ஆராய்வித்துக் குழுவினர் விரிவாக வெளியிட்டது 2013 இலேதான். எழுபத்தைந்து ஆண்டு சென்றிருந்தது.

இவை உண்மை. ஆயினும் இவ்வுண்மைகளைத் தட்டின் கீறலுக்குள் தேடுவது வேறு. தட்டில் உள்ளதைக் கேட்பது வேறு. தட்டில் உள்ளதைக் கேட்டால், அங்கே இதனினும் திடமான ஒரு சாட்சியம் கிடைக்கின்றது.

இறுதிப் பகுதியின் தொடக்கத்தைக் கேளுங்கள். வயலின்கள் யாவும் ஒருங்கே ஒரு வரியை எடுக்கின்றன. சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவும்போது விரலைத் தூக்கி வைக்காமல், தந்தியின்மீது வழுக்கிச் செல்லும் ஒலி தெளிவாகக் கேட்கின்றது. நம் வயலின் வித்துவான்கள் ஜாரு என்று சொல்வதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் இன்றைய மேனாட்டு வாத்தியக்குழுக்களில் இவ்வழக்கம் அருகிப் போயிற்று. சுரங்களைத் துண்டு துண்டாகத் தூய்மையுடன் வைப்பதே பயிற்சியின் இலட்சியமாகிவிட்டது. வியன்னாக் கலைஞர்களோ, இன்ன இடத்தில் வழுக்குவது, இன்ன இடத்தில் விடுவது என்று எழுதாத இலக்கணம் ஒன்றைக் கையிலே வைத்திருந்தனர். அறுபது எழுபது பேர் ஒரே இடத்தில் ஒருமித்து வழுக்குவது தற்செயலன்று. றோஸேயைப் போன்றோர் மாலரின் கோலுக்குக் கீழேயே வாசித்தவர்கள். ஆகவே இப்பதிவு மாலரின் காதில் விழுந்த வயலின் ஒலி எவ்வாறிருந்தது என்பதற்கு நம்மிடமுள்ள மிக அணுக்கமான சான்றுகளில் ஒன்று.

இச்சான்றைக் கொண்டு இன்னும் அதிகமாக வாதிட்டவர் இங்கிலாந்தின் றொஜர் நொறிங்டன். வயலின் கலைஞர் இடக்கை விரலை இடைவிடாது அசைத்துத் தொனியை நடுங்கச் செய்யும் வழக்கம் 1930களின் இறுதி வரையில் ஜேர்மனிய, ஒஸ்திரியக் குழுக்களில் இருக்கவில்லை என்றும், வால்ற்றரின் இத்தட்டே அதற்குச் சான்று என்றும் கூறி, 2009 இல் ஸ்ருட்கார்ட் குழுவினரை அசைவேயில்லாத நேர்த்தொனியில் இச்சிம்பொனியை வாசிக்கச் செய்தார். துணிந்த முயற்சி; கேட்டுப் பார்க்கத் தக்கது. ஆனால் சான்று அவர் சொல்லுமளவு உறுதியானதாக எனக்குத் தோன்றவில்லை. வழுக்கல் என்பது நீண்ட அசைவு. எத்தனை தேய்ந்த தட்டும் அதனைக் காட்டிக் கொடுக்கும். விரல் நடுக்கமோ நுண்ணிய அசைவு. பலர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவரின் நடுக்கம் மற்றவரின் நடுக்கத்தில் மறைந்து போகும். மேல்நாதங்களைச் சரிவரப் பிடிக்காத அக்கால ஒலிவாங்கி எஞ்சியதையும் மழுக்கிவிடும். அவ்வாறிருந்தும் இறுதிப் பகுதியின் உச்சங்களில் ஒடுங்கிய ஓர் அதிர்வு என் காதுக்குக் கேட்கவே செய்கின்றது. இத்தட்டு வழுக்கலுக்கு நல்ல சாட்சி. நடுக்கமின்மைக்குப் பலவீனமான சாட்சி. ஒரே சாட்சியை எல்லா வழக்குக்கும் கூண்டில் ஏற்ற முடியாது.

குறைகளையும் மறைக்கலாகாது. மூன்றாம் பகுதியில் குழுவினர் சில இடங்களில் ஒருமித்து நிற்கத் தவறுகின்றனர், ஊதுகுழல்கள் தடுமாறுகின்றன. இன்று ஒரு நல்ல மாணவர் குழுவே இதனிலும் ஒழுங்காக வாசித்துவிடும். இத்தடுமாற்றத்தையும் சரித்திரத்தின் நடுக்கமென்று வியப்பவர்கள் உளர். அடிக்கடி வாசிக்கப்படாத கடினமான படைப்பு, திருத்த வழியில்லாத நேரடிக் கச்சேரி. இவ்விரண்டுமே போதிய காரணம் என்பேன்.

பழைய தட்டைப் புதிய உருவில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதனை நெடுந்தட்டாகவும் குறுந்தட்டாகவும் பலர் பலமுறை மாற்றியிருக்கின்றனர். ஊசியின் இரைச்சலைத் துடைப்பதிற் பேராசை கொண்டவர்கள், இரைச்சலோடு வயலின்களின் ஒளியையும் துடைத்துவிட்டனர்; கேட்பது கம்பளத்தால் மூடிய குழுவைப் போலிருக்கும். இரைச்சலைச் சிறிது பொறுத்துக்கொண்ட மாற்றங்களில் மண்டபத்தின் காற்று உயிருடன் இருக்கின்றது. வேகமும் கவனிக்கத் தக்கது. தட்டைச் சுழற்றும் வேகம் பிசகினால் சுருதியும் பிசகும், நேரமும் பிசகும். அரைச்சுரம் ஏறும்படி சுழற்றினால் எழுபது நிமிடத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடம் காணாமற் போய்விடும். நெறியாளரின் விரைவென்று நாம் வியப்பதிற் சிறிது இயந்திரத்தின் விரைவாக இருந்துவிடலாம். நல்ல மாற்றங்களில் இக்கோளாறு இல்லை.

வால்ற்றர் 1961 இன் தொடக்கத்திற் கலிபோர்ணியாவில் இதனை மீண்டும் பதிந்தார். வயது எண்பத்து நான்கு. ஒலிப்பதிவுக்கென்று திரட்டப்பட்ட குழு. தந்தி வாத்தியங்கள் எண்ணிக்கையிற் குறைவு. ஆனால் இரட்டைச் செவி ஒலி. இம்முறை படைப்பு முழுவதற்கும் எண்பது நிமிடத்துக்கு மேல் செல்கின்றது. முன்னையதினும் ஏறக்குறைய பதினொரு நிமிடம் அதிகம். முதற்பகுதி மட்டுமே இருபத்தைந்திலிருந்து இருபத்தொன்பதாக நீண்டுவிட்டது. கோபம் தணிந்திருக்கின்றது, வழுக்கலும் பெரும்பாலும் போய்விட்டது, ஏனெனில் கலிபோர்ணியாக் கலைஞர்களின் விரல்களுக்கு வியன்னாவின் இலக்கணம் தெரியாது. ஒத்திகையின் ஒலிப்பதிவும் வெளிவந்திருக்கின்றது. முதியவர் அதட்டாமல், வற்புறுத்தாமல், பாடிக் காட்டிப் பாடிக் காட்டி அவர்களை அழைத்துச் செல்கின்றார். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் அதனை அவசியம் கேட்க வேண்டும்.

மாலரின் மனம் அறிந்தவர் என்று போற்றப்படும் ஒருவரே இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் இத்துணை மாறுபட்ட இரண்டு விடைகளைத் தந்திருக்கின்றார். மூலத்தின் வேகம் எது என்று வழக்காடுவோர் இவரை எந்தப் பக்கத்துச் சாட்சியாக அழைப்பார்களோ அறியேன். நான் 1938 இன் முதற்பகுதியையே விரும்புகின்றேன். அங்கே இடிந்து விழும் இடங்கள் எதிர்பாராமல் விழுகின்றன. 1961 இல் அவை வருவதை முன்னரே கண்டு நாம் வழிவிட்டு நிற்கின்றோம்.

றாட்டிலின் மியூனிக் பதிவுக்கு வருவோம். முன்னர் வியன்னாக் குழுவினருடனும் பேர்லின் குழுவினருடனும் இதே படைப்பைப் பதிந்தவர் அவர். மூன்றாம் முறை வரும்போது நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லாத அமைதி தெரிகின்றது. தொடக்கத்தில் செலோவும் ஹோர்னும் ஹார்ப்பும் ஒன்றுக்கொன்று விடை சொல்லும் நான்கைந்து வரிகளை எடுத்துக் கொள்ளுங்கள். 1938 இல் ஹார்ப்பின் கீழ்ச்சுரங்கள் ஊகிக்கத்தக்க நிழல்களே. இங்கே ஒவ்வொன்றும் தரையில் வைத்த கல்லைப் போல நிற்கின்றது. மெல்லொலியில் இத்தனை தரம் உண்டு என்பதை மாலர் எழுதியே வைத்திருக்கின்றார். பழைய தட்டுகளால் அவற்றை வேறுபடுத்திக் காட்ட இயலவில்லை.

இறுதிப் பகுதியில் ஓரிடம் இருக்கின்றது. அதுவரை கனத்து ஒலித்த தந்தி வாத்தியங்கள் திடீரென விலக, மிகக் கீழே தாழ்குரற் குழலும், மிக உயரே வயலின்களும் மட்டும் எஞ்சுகின்றன. நடுவில் ஒன்றுமில்லை. அவ்வெறுமையே அவ்விடத்தின் பொருள். பழைய தட்டில் அடியொலி மங்கிவிடுகின்றது, மேலொலி கரகரக்கின்றது, நடுவிலுள்ள வெறுமையை ஊசியின் இரைச்சல் நிரப்பிவிடுகின்றது. அந்த இடத்தை மாலர் எழுதியபடி நான் முதன்முறையாக அறிந்தது புதிய பதிவுகளின் உதவியால்தான். பழையதே சிறந்தது என்று சாதிப்பவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்?

அதே வேளையில், அக்கனத்த தந்தி இசை மியூனிக்கில் ஒலிக்கும்போது எனக்கு ஒரு குறை தோன்றாமலில்லை. எல்லாம் நிறைவாக, வட்டமாக, பளபளப்பாக இருக்கின்றன. வழுக்கலும் இருக்கின்றது, மாலர் பிரதியிற் குறித்த இடங்களில் றாட்டில் அதனைத் தவறாமற் கேட்டு வாங்கியிருக்கின்றார். ஆயினும் அது படித்துப் பெற்றதாக ஒலிக்கின்றது. வியன்னாவில் அது தாய்மொழியின் உச்சரிப்பு. அவ்வுச்சரிப்பை அறிந்தோருட் சிலர் துரத்தப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் மூப்படைந்தனர். வேறிடங்களில் வளர்ந்த தலைமுறை வேறு விதமாகப் பேசக் கற்றுக்கொண்டது. வழக்கு மாறியதற்கு அரசியல் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வழுக்கும் பழக்கம் அப்பொழுதே உலகெங்கும் குறையத் தொடங்கியிருந்தது. எனினும் வியன்னாவில் அது மெல்ல மாறியிருக்கக் கூடியது, ஒரு மார்ச் மாதத்தில் அறுக்கப்பட்டது.

1938 இன் பதிவில் வரலாறு இருக்கின்றதென்றால் அது இவ்விடத்திலேதான் இருக்கின்றது: வால்ற்றரின் விரைவிலும் ஊதுகுழலின் தடுமாற்றத்திலும் அன்று, அந்த வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குப் போகும் வழியில்.

இசை பயிலும் மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பதிவுகளும் இன்று இணையத்திலே எளிதிற் கேட்கக் கிடைக்கின்றன. முழுவதையும் கேட்கப் பொழுதில்லாதோர் இறுதிப் பகுதியின் முதல் மூன்று நிமிடங்களை மட்டும், வரலாறு எதனையும் எண்ணாமல், இரு பதிவிலும் மாறி மாறிக் கேட்கட்டும். காதணிகருவி இல்லாமல், அறையிற் சற்று உரக்க வைத்துக் கேட்பது நல்லது. பழைய பதிவு அருகிலிருந்து கேட்கப்படுவதை விரும்புவதில்லை.

கடைசிப் பக்கம் வேறு சங்கதி. அங்கே வயலின்கள், மாலர் முன்னர் இறந்த குழந்தைகளைப் பற்றி இயற்றிய பாடலொன்றின் சாயலை ஒருமுறை தொட்டுவிட்டு, விட்டுவிட்டு, நான்கு சுரம், மூன்று சுரம், இரண்டு சுரம் என ஒடுங்குகின்றன. வியன்னாத் தட்டில் எங்கே இசை முடிந்தது, எங்கே இரைச்சல் தொடங்கியது என்பது தெரிவதில்லை. மியூனிக் பதிவிற் கடைசிச் சுரம் போன பின்னரும் அது போன இடம் தெரிகின்றது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நான் வால்ற்றரை நிறுத்திவிட்டு றாட்டிலை வைக்கின்றேன்.